மெரில்டின் ஏம்

துர்ஸ்டன் விலாங்கு மீன் பிடிக்கும் கூடுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. உப்பு விற்கப் படகில் போகிற கிழவி ஒருத்தி, துடுப்பை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனாள்.

"ஆல்டர்பி ஸ்வெயின் போயிட்டான்யா! காய்ச்சல். நேத்தே புதைச்சாச்சு. உன் தங்கச்சி மகளப் போய்ப் பாரு!"

கூட்டிலிருந்து நீர் சொட்டியது. உள்ளே ஒரே ஒரு விலாங்கு, அதுவும் விரல் தடிமன்தான். இரண்டாவது வருடமாக மழை விடவில்லை. வயலெல்லாம் குளமாகி, குளமெல்லாம் கடலாகிக் கிடந்தது. மீன்கூட எங்கே போவதென்று தெரியாமல் எங்கோ போய்விட்டது.

தங்கை குன்னில்ட் செத்து மூன்று வருடமாயிற்று. அவள் ஸ்வெயினைக் கட்டிக்கொண்டதே துர்ஸ்டனுக்குப் பிடிக்கவில்லை. "வாயால வயல் உழுறவன்" என்று கல்யாணப் பந்தியில் வைத்தே சொன்னான். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதித்தது அவள் பிணத்தைத் தூக்கத்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னான். மனைவி ஏவிஸ் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஏன்யா இங்க நிக்கிற? கிளம்பு."

"அவளோட சித்தப்பன் விகாட் பக்கத்து வீட்லயே இருக்கான். வசதியானவன். பாத்துக்குவான்."

"அவன் சித்தப்பன். நீதான ஏம்?"

"நமக்கே கஞ்சி இல்ல, ஏவிஸ்."

"கஞ்சி இருந்தாத்தான் ஏமா? அப்ப பணக்காரனத்தான் உன் அம்மா வயித்துல பிறக்கச் சொல்லியிருக்கணும்."

அந்தச் சதுப்பு நாட்டில் தாயோடு பிறந்தவனுக்கு ஏம் என்று பெயர். தகப்பனோடு பிறந்தவனுக்கு வேறு பெயர் இருந்தது. அது வழக்கொழிந்து, துர்ஸ்டனின் தாத்தாவோடு மண்ணுக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் ஒன்றல்ல என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். தகப்பனில்லாத பிள்ளையை ஏம் வளர்ப்பான். பிள்ளை வளர்ந்ததும் அதன் நிலத்தை அதன் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவான். காரணம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். மழை ஏன் மேலிருந்து பெய்கிறது என்று யார் கேட்பார்கள்?

ஆல்டர்பிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது விகாட்டின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. விகாட் பெரிய உடம்புக்காரன். செத்துப்போன அண்ணனின் அதே அகன்ற முகம், அதே சிரிப்பு. அவன் மடியில் ஒன்பது வயது மெரில்ட், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வா மச்சான், வா. சத்தம் போடாத. அழுது அழுது இப்பத்தான் கண்ண மூடியிருக்கா." விகாட் குரலைத் தாழ்த்தினான். "குரலும் அண்ணன் குரல் மாதிரியே இருக்காம் எனக்கு. பேசிக்கிட்டே இருங்க சித்தப்பான்னு சொல்றா. என்னத்தப் பேசுறது? ஆடு, மாடுன்னு பேசிக்கிட்டிருக்கேன்."

துர்ஸ்டன் வாசலிலேயே நின்றான். "கூட்டிட்டுப் போக வந்தேன்."

"எங்க? அந்தத் தண்ணிக்காட்டுக்கா?" விகாட் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். "இங்க அவ வீடு இருக்கு, நிலம் இருக்கு, என் பிள்ளைங்க இருக்கு. உன் பிள்ளைக்கே நீ என்ன போடுறன்னு ஊருக்கே தெரியும். வீம்பு பண்ணாத மச்சான்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் துர்ஸ்டனைச் சுட்டது. "மன்றுல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். திரும்பும்போதே, பிள்ளைக்காக வந்தோமா, இந்தச் சிரிக்கிற மனிதனிடம் தோற்கக்கூடாது என்பதற்காக நிற்கிறோமா என்று அவனுக்கே சந்தேகமாயிருந்தது.

பிரபுவின் மன்று கூடுவதற்கு முன்பு அவன் கோயில் சாமியார் ஆஸ்பர்ட்டைப் போய்ப் பார்த்தான். மன்றில் வழக்கைத் தீர்க்கும் மணியக்காரர் பிரெஞ்சு பேசுகிறவர். அவர் பேசுவதை ஊருக்கும், ஊர் பேசுவதை அவருக்கும் சொல்கிறவர் இந்தச் சாமியார்தான்.

"சிக்கல்தான்" என்றார் சாமியார். "அவர் பாஷைல ஏமுக்கும் சித்தப்பனுக்கும் ஒரே பேர். அங்கிள். நான் எப்படிச் சொன்னாலும் அவர் காதுல அங்கிள்னுதான் விழும்."

"அதெப்படி சாமி, அம்மா வழியும் அப்பா வழியும் ஒண்ணாகும்?"

"ஆயிடுச்சே. லத்தீன்ல தாயோட அண்ணன் தம்பிக்குத் தனிச் சொல்லு இருக்கு. சின்னத் தாத்தான்னு அர்த்தம். அம்மாவப் பெத்தவன் இடத்துல நிக்கிறவன். நம்ம ஏம்ங்கிற சொல்லும் அந்த வேர்ல முளைச்சதுதான்னு எனக்கு ஒரு எண்ணம். வேடிக்கை என்னன்னா, மணியக்காரரோட அங்கிளும் அதே லத்தீன் சொல்லு தேய்ஞ்சு வந்ததுதான். தேயும்போது சித்தப்பன், பெரியப்பன் எல்லாரையும் சேத்து முழுங்கிடுச்சு."

"வேடிக்கையா இல்ல சாமி."

சாமியார் சிறிது நேரம் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். "நீ யாருன்னு சொல்லிப் பிரயோஜனமில்ல துர்ஸ்டன். ஏம்கிட்ட ஏன் பிள்ளையக் குடுக்குறோம்? அதச் சொல்லு. அது எந்தப் பாஷைலயும் புரியும்."

"ஏன் குடுக்குறோம்?"

சாமியார் சொன்னார். இத்தனை வருடம் வாயில் வைத்திருந்த சொல்லுக்குள் இப்படியொரு எலும்பு இருப்பது அதுவரை துர்ஸ்டனுக்குத் தெரியாது.

மன்று பிரபுவின் களஞ்சியத்தில் கூடியது. களஞ்சியம் காலியாக இருந்ததால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஊர்ச் சாட்சிகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மெரில்ட் விகாட்டின் மனைவியோடு நின்றாள். விகாட்டின் கடைக்குட்டி அவள் பாவாடையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

மணியக்காரர் கேட்டார். சாமியார் மாற்றிச் சொன்னார். "பிள்ளைக்கு நெருங்கிய உறவு யார்?"

"ரெண்டு அங்கிள் இருக்காங்க" என்று மாவு ஆலைக்காரன் எழுந்து சொன்னான். சந்தைக்குப் போய்ப் பழகியவன். அங்கே கற்ற சொல்லை ஊரில் காட்டுவதில் அவனுக்கு ஆசை.

"நான் ஏம்" என்றான் துர்ஸ்டன்.

"இப்பல்லாம் ரெண்டு பேரையும்தான ஏம்னு சொல்றாங்க?" என்றான் ஆலைக்காரன். பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. "நீ தண்ணிக்குள்ளயே இருந்தா நாட்டு நடப்பு எப்படித் தெரியும்?"

மணியக்காரர் கையை அசைத்தார். இரண்டு அங்கிள் என்றால், ஊரில் இருப்பவன், கலப்பை வைத்திருப்பவன், அவனிடம் விடுங்கள். அடுத்த வழக்கு என்ன?

துர்ஸ்டன் பெஞ்சைத் தாண்டி முன்னால் வந்தான்.

"எசமான் ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளை செத்துப்போனா நிலம் யாருக்குப் போகும்னு கேளுங்க."

சாமியார் பிரெஞ்சில் சொன்னார். மணியக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"விகாட்டுக்குப் போகும். நிலம் அப்பன் வழி நிலம். எனக்கு அதுல ஒரு பிடி மண்ணு வராது. அவ செத்தாலும் எனக்கு லாபமில்ல, இருந்தாலும் லாபமில்ல. அதனாலதான் ஏம்கிட்ட குடுக்குறது. ஆட்டுக்குட்டிய யாராவது ஓநாய்கிட்ட வளக்கக் குடுப்பாங்களா?"

கடைசி வாக்கியம் சாமியார் சொல்லிக்கொடுத்தது. சட்டம் படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். ஆனால் காலிக் களஞ்சியத்தில், ஒருவன் நேரெதிரே நிற்கும்போது சொன்னால், அது சட்டமாக ஒலிக்கவில்லை.

விகாட் முகம் வெளுத்து நின்றான். அவன் மனைவிதான் கத்தினாள். "யாரப் பாத்துடா ஓநாய்ங்கிற? மூணு நாளா உன் தங்கச்சி மகளுக்குத் தலை வாரி விட்டவடா நான்! நாக்கு அழுகிப் போகும்டா உனக்கு!"

மணியக்காரருக்கு மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாரிசு யார், யாருக்கு எதில் லாபம் என்பதெல்லாம் அவர் தாய்ப்பாலோடு குடித்தவை. தலையை ஆட்டினார். அரசரின் சட்டமும் அதுதான். நிலம் யாருக்குப் போகாதோ, அவனிடம் பிள்ளை போகட்டும்.

மெரில்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். துர்ஸ்டன் கையை நீட்டியபோது அவள் விகாட்டைத்தான் பார்த்தாள். விகாட் குனிந்து அவள் தலைத்துணியைச் சரிசெய்தான். பிறகு துர்ஸ்டனிடம் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்:

"நீ சட்டத்தச் சொல்லல மச்சான். என்னையத்தான் சொன்ன."

அந்தக் குளிர்காலத்தில் எல்லா ஊரிலும் பசி இருந்தது. மெரில்டின் களத்தில் கொஞ்சம் பார்லியும் மொச்சையும் மிஞ்சியிருந்தன. அவளுக்கு எடுக்கலாம், தன் வீட்டுக்கு எடுக்கக்கூடாது என்பது துர்ஸ்டனுக்குத் தெரியும். அவளுக்கென்று அளந்து கொண்டுவந்து, தனிப் பானையில் வைத்து, அவள் கிண்ணத்தில் ஊற்றினான். மற்றவர்களுக்கு நாணல் கிழங்கும் கிடைத்த மீனும். ஏவிஸ் ஒருநாள் பானைகளைப் பார்த்தாள்.

"ஒரே அடுப்பு, ரெண்டு பானை. நல்லாயிருக்குய்யா உன் நியாயம்."

"அவ சொத்த நான் தின்னேன்னு நாளைக்கு விகாட் மன்றுல நிக்கக்கூடாது."

"கைக்குழந்தைக்குப் பால் வத்துது. அதுக்கு எந்த மன்றுல நிக்கிறது?"

மெரில்ட் கிண்ணத்தில் பாதியைத் தள்ளி வைப்பாள். ஏவிஸ் குடிப்பதை அவள் பார்க்காதது போல இருப்பாள். ஏவிஸிடம் ஒட்டிக்கொண்டாள், குழந்தை ஈடாவைத் தூக்கிக்கொண்டு நாணல் கரையெல்லாம் சுற்றினாள். துர்ஸ்டனோடு பேசவில்லை. ஒரே ஒருமுறை, கூடு பின்னிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் வந்து கேட்டாள்:

"சித்தப்பா என்னக் கொன்னுடுவாரா?"

"அப்படி யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

அவன் கையிலிருந்த நாணல் ஒடிந்தது. "அது சட்டம்மா. விகாட்னு இல்ல, யாராயிருந்தாலும்…"

"எங்கப்பா சாயல் அவருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சொன்னது சட்டம்தான். ஆனால் சொன்ன நாளிலிருந்து அது அவனுக்குள் இருந்துகொண்டே இருந்தது. விகாட்டின் சிரிப்பை நினைத்துப் பார்ப்பான். அவ்வளவு சிரிப்பவன் எதற்குச் சிரிக்கிறான்? பிள்ளையை மடியில் வைத்திருந்தானே, அன்றைக்கே நிலத்தையும் சேர்த்துத்தான் மடியில் வைத்திருந்தானோ? முதலில் வாயால் மட்டும் சொன்னதை, வாரங்கள் போகப் போக, மனதாலும் சொல்லத் தொடங்கினான்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய தபசுகாலத்தில் ஒரு மத்தியானம், உறைந்த வாய்க்கால் மேல் நடந்து விகாட் வந்தான். பாதி இளைத்திருந்தான். துணியில் சுற்றிய ரொட்டி ஒன்று கையில்.

"உள்ள வரல மச்சான். இத மெரில்டுக்குக் குடு. என் பொண்டாட்டி சுட்டது. எல்லாரும் தின்னுங்க."

துர்ஸ்டன் வாங்கிக்கொண்டான். வா என்று சொல்லவில்லை. மெரில்ட் உள்ளேயிருந்து குரலைக் கேட்டு ஓடிவருவதற்குள் விகாட் பாதி தூரம் போய்விட்டான்.

ரொட்டியைப் பிளந்தான். உள்ளே கறுப்புப் புள்ளிகள். அந்த வருடம் எல்லா மாவிலும் ஏதாவது கறுப்பு இருக்கத்தான் செய்தது. மொச்சைத் தோலாக இருக்கலாம், கருகிய உமியாக இருக்கலாம். கறுத்துக் கெட்டுப்போன ரை தானியமாகவும் இருக்கலாம். அதைத் தின்றவர்கள் கைகால் எரிந்து, பித்துப் பிடித்துச் செத்ததை அவன் பார்த்திருக்கிறான். முகர்ந்தான். ரொட்டி வாசனைதான் வந்தது. இரண்டு நாளாக அவன் வயிற்றில் ஒன்றுமில்லை, வாய் ஊறியது. நாக்கில் ஒரு துணுக்கு வைக்கலாமென்று நினைத்தான். மெரில்ட் கதவருகே நின்று கையை நீட்டினாள்.

அவன் ரொட்டியைச் சுழற்றி வாய்க்காலில், பனிக்கட்டி உடைந்து கிடந்த இடத்தில் எறிந்தான்.

ஏவிஸ் குழந்தையை மெரில்டிடம் கொடுத்துவிட்டு, பாவாடையோடு தண்ணீரில் இறங்கினாள். நாணலுக்கு நடுவே முழங்காலிட்டு, கரைந்துகொண்டிருந்த ரொட்டியை இரண்டு கையாலும் அள்ளினாள். அள்ள அள்ள அது விரலிடுக்கில் வழிந்தது. கிடைத்ததை அங்கேயே, தண்ணீரில் நின்றபடியே தின்றாள்.

"ஏவிஸ், வேணாம்! அதுல என்ன இருக்கோ!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடெல்லாம் நீலம். "ரொட்டி இருக்குய்யா" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தின்றது கொஞ்சம் என்பதால் ஆகவில்லையா, ரொட்டி நல்ல ரொட்டி என்பதால் ஆகவில்லையா, எவருக்குத் தெரியும்? ஈடா உயிர்ப்பு ஞாயிறு வரை இருக்கவில்லை. காய்ச்சலில்லை, இருமலில்லை. விளக்கில் எண்ணெய் தீர்ந்தது போல அணைந்தாள். புதைத்துவிட்டு வந்த அன்று ஏவிஸ் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்:

"அடுத்தவன் ஆட்டுக்குட்டிய நல்லாக் காத்தய்யா."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. துர்ஸ்டன் இரண்டு பானையை ஒரு பானையாக்கினான். அப்போது அதில் யாருக்கும் அக்கறையில்லை.

மழை நின்றது. மெரில்ட் வளர்ந்தாள். பதினான்கு முடிந்ததும் மன்றுக்குப் போய்த் தன் நிலத்தைக் கேட்டாள். துர்ஸ்டன் ஒரு பிடி தானியம் குறையாமல் ஒப்படைத்தான். தன் வீட்டார் தின்ற மொச்சைக்குப் பதில் விலாங்கு உலர்த்தி வைத்திருந்தான், அதையும் கொடுத்தான். மணியக்காரர், இப்படி ஒரு காவலனைத் தாம் கண்டதில்லை என்று பிரெஞ்சில் சொன்னார். புதிதாக வந்திருந்த சாமியார் அதை மாற்றிச் சொன்னார். மெரில்ட் ஏவிஸைக் கட்டிப்பிடித்து அழுதாள். துர்ஸ்டனை முறைப்படி மண்டியிட்டு வணங்கினாள். அவள் முட்டி தரையில் பட்டதும் எழுந்துவிட்டாள்.

நேரே விகாட்டின் பக்கத்து வீட்டுக்கு, தகப்பன் வீட்டுக்குப் போனாள். துர்ஸ்டன் அந்த வருடம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கிணற்றில் விழுந்தாள், காய்ச்சலில் கிடந்தாள் என்று எந்தச் சேதியும் வரவில்லை. வயல் உழ விகாட் மாடு கொடுத்தானாம். கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்றானாம்.

முதல் பிள்ளை பிறந்து ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏவிஸ் வரவில்லை. துர்ஸ்டன் தனியாகப் படகில் போனான். எல்லோரும் உள்ளே குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கொல்லையில் சரிந்து கிடந்த மரத்தடியில் விகாட் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தான்.

"உக்காரு மச்சான். ஆம்பளப் பிள்ளை. இன்னையோட எனக்கு அந்த நிலத்துல இருந்த வழி போச்சு. இனி நீ நிம்மதியாத் தூங்கலாம்."

துர்ஸ்டன் உட்கார்ந்தான். பிறகு, இத்தனை வருடம் நாக்கில் கிடந்ததைக் கேட்டான்.

"உண்மையச் சொல்லு விகாட். அந்தக் குளிர்காலத்துல அவ உன் வீட்ல இருந்திருந்தா…"

விகாட் கோபப்படுவான் என்று துர்ஸ்டன் எதிர்பார்த்தான்.

"என் கடைக்குட்டியும் அந்த வருஷம்தான் போனான்" என்றான் விகாட். "தெரியுமா உனக்கு? ஒரு பிடி மாவுக்காக என் பொண்டாட்டி அடுத்தவன் களத்துல திருடினா. நான் பாத்துக்கிட்டு நின்னேன். அப்ப மெரில்ட் என் வீட்ல இருந்திருந்தா, அவ கிண்ணத்துல நான் என்ன ஊத்தியிருப்பேன்? யாரு கிண்ணத்துல முதல்ல ஊத்தியிருப்பேன்?" கையிலிருந்த குவளையைத் தரையில் வைத்தான். "எனக்குத் தெரியல மச்சான். நல்லாத்தான் வச்சிருப்பேன்னு தினம் சொல்லிக்கிறேன். ஆனா தெரியல. நான் எப்படிப்பட்டவன்னு நான் தெரிஞ்சுக்கவே நீ விடல."

உள்ளேயிருந்து யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து போனான்.

துர்ஸ்டன் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பி, ஏவிஸிடம் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவள் வலை முடிச்சைப் போட்டபடியே கேட்டாள்.

"அவனுக்கே தெரியலையாமா?"

"தெரியலையாம்."

"அப்ப நமக்கு யாருய்யா சொல்றது?"

ஏவிஸ் வாத்துகளை அடைக்க நேரமாகிவிட்டதென்று சொல்லிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். கொஞ்சம் பொறுத்து அவனும் எழுந்து, அவளுக்கு உதவப் பின்னாலேயே போனான்.